குடை பிடிக்க ஓர் ஆள்

செண்பகராயன் குள்ளமான அரசன். அதை யாரும் வெளியே சொல்லக்கூடாது. நானும் இந்த ஒரு தடவைதான் சொல்கிறேன், ஏனென்றால் கதைக்கு அது தேவைப்படுகிறது.

அவனுடைய வேங்கைநாட்டில் ஒரு வழக்கம் உண்டு. அரசன் மகன்தான் அடுத்த அரசன் என்பதெல்லாம் அங்கே செல்லாது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆறு வட்டாரத்துப் பெரியவர்களும் கூடி, தாங்கள் விரும்புகிறவரின் குடத்தில் ஓலை போடுவார்கள். அரசுக்கு நிற்கிறவர் தனியாக நிற்க முடியாது. துணையரசர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, இருவருமாக ஒரே யானைமேல் ஊர்வலம் வரவேண்டும். அம்பாரியில் முன்னால் அரசர். பின்னால் குடை பிடித்தபடி துணையரசர். ஊர்வலம் முடியும்வரை அவர் வாய் திறக்கக்கூடாது. ஆனால் இடையில் அரசருக்கு ஏதாவது ஆகிவிட்டால், குடை பிடித்தவர்தான் மீதி ஆண்டுகளை ஆளவேண்டும்.

இந்த முறை செண்பகராயனை எதிர்த்து அவனுடைய பங்காளி வாணராயன் நின்றான். ஐந்து வட்டாரங்களிலும் இருவருக்கும் பாதிப்பாதி ஆதரவு. ஆறாவதான மலைவட்டாரம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் சிம்மாசனம். மலைக்காரர்களோ, பாதை போட்டுத் தரவில்லை என்று அரசன்மேல் கடுப்பில் இருந்தார்கள்.

"மலைத்தலைவர் பூதனைத் துணையாகக் கூப்பிடுங்கள் மன்னா. பெருவெள்ளத்தில் நாலாயிரம் பேரைக் கரைசேர்த்தவர்" என்றான் நக்கன். அரசவையில் பெரிதாக வேலை ஒன்றும் இல்லாமல், வாயை வைத்தே பிழைக்கிற ஆள் இந்த நக்கன்.

பூதன் வந்தார். அரசன் வெள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அந்தத் தூணோரம் நில்லுங்கள்" என்றான்.

தூணில் அரசனின் உயரத்துக்கு ஒரு குங்குமக்கோடு போட்டிருந்தது. அது பூதனின் மார்புவரைதான் வந்தது.

"ஐயையோ, வேண்டாம்! இவர் பின்னால் உட்கார்ந்தால் ஜனங்கள் யாரைப் பார்ப்பார்கள்?"

இதற்காகவே காத்திருந்தவர்போல மந்திரி மழவராயர் எழுந்தார். "என் மைத்துனன் அம்பலக்கூத்தன் இருக்கிறானே மன்னா!"

கூத்தனின் தலை கோட்டுக்கு நாலு விரல் கீழே நின்றது. என்ன கேட்டாலும் "ஆமாம் மன்னா" என்றான். அரசனுக்கு உள்ளமெல்லாம் குளிர்ந்துவிட்டது. மந்திரிக்கு அதைவிடக் குளிர்ந்தது. மைத்துனன் பெயரில் தானே ஆளலாமே!

"இவருக்கு நாடாளத் தெரியுமா மன்னா?" என்று கேட்டான் நக்கன்.

"நான் குத்துக்கல்மாதிரி இருக்கிறேன், எனக்கு என்ன ஆகப்போகிறது? என்னோடு யானை ஏறுகிறவனுக்கு மூன்றே தகுதிதான் வேண்டும். என்னைவிட உயரமாக இருக்கக்கூடாது. என்னைவிட நன்றாகப் பேசக்கூடாது. என் சிம்மாசனத்தின்மேல் கண் வைக்கக்கூடாது. நாளைக் காலையில் ஒத்திகை. அதற்கு வேண்டிய ஆட்களை நீயே பொறுக்கி எடு. மாலையில் கூத்தன் பெயரை அறிவித்துவிடுகிறேன்."

"அப்படியே ஆகட்டும். அதே மூன்று தகுதியையும் பார்த்தே எடுக்கிறேன்."

மறுநாள் காலை அரசன் அம்பாரியில் ஏறினான். பட்டத்து யானை கொம்பன் எழுந்து நாலடி வைத்ததுமே ஒரு குலுக்கு குலுக்கியது. அரசன் எட்டிப் பார்த்தான். யானையின் கழுத்தில், அங்குசத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் அம்பலக்கூத்தன். மன்னருக்கும் முன்னால் இடம் என்று நக்கன் சொன்னதும், மறுபேச்சு இல்லாமல் ஏறிவிட்டிருந்தான்.

கொம்பன் அரண்மனைக் கரும்புத் தோட்டத்தைப் பார்த்துத் திரும்பியது.

"வலது பக்கம் திருப்பு!"

"ஆமாம் மன்னா!"

"நிறுத்தடா!"

"ஆமாம் மன்னா!"

வேலியைப் பிய்த்துக்கொண்டு யானை உள்ளே போனது. அம்பாரி சாய்ந்தது. கிரீடம் கழன்று கரும்புக்கு நடுவே விழுந்தது. அரசன் கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

நக்கன் நிதானமாக நடந்து வந்தான். கூடவே, கையில் வெல்லக்கட்டியோடு பழைய பாகன் இருளப்பன்.

"நக்கா! யாரைக் கேட்டு இவனைப் பாகனாக்கினாய்?"

"நீங்கள் சொன்ன தகுதிப்படிதான் மன்னா. உங்களைவிடக் குட்டை. பேச்சும் வராது. உங்கள் சிம்மாசனம் என்ன, இப்போது உட்கார்ந்திருக்கிற இடமே வேண்டாம் என்றிருக்கிறார். முகத்தைப் பாருங்கள்!"

"பாகன் குட்டையா நெட்டையா என்று எவன் பார்ப்பான்? யானை ஓட்டத் தெரியவேண்டாமா? என் உயிரல்லவா அவன் கையில் இருக்கிறது!"

"இருளப்பன் உங்களைவிட ஒரு முழம் உயரம். பத்து வருஷமாக உங்களுக்கு முன்னால்தான் உட்கார்ந்து வருகிறான். ஜனங்கள் கண்ணில் முதலில் படுகிறவனே அவன்தான். ஒருநாளாவது உங்களுக்கு உறுத்தியதா?"

அரசன் இருளப்பனை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஒரு நாழிகை ஊர்வலத்துக்கு ஓட்டத் தெரிந்தவன் வேண்டும். பன்னிரண்டு வருஷ நாட்டுக்குத் தூணில் கோடு பார்த்தால் போதுமா மன்னா?"

அரசன் கூத்தனை முறைத்தான். "நான் போய் நீ அரசனானால், நாடும் இப்படித்தான் வேலியைப் பிய்த்துக்கொண்டு போகுமோ?"

"ஆமாம் மன்னா!"

அவ்வளவுதான். சாய்ந்த அம்பாரியில் தொங்கியபடியே அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். இருளப்பன் வெல்லத்தைக் காட்டி யானையைப் படுக்க வைத்தான். இறங்கியதும் அரசன் நேராகத் தூணுக்குப் போய், தன் அங்கவஸ்திரத்தாலேயே கோட்டை அழித்தான். மந்திரி அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. அன்றே பூதனுக்கு ஆள் போனது. மலைப்பாதைக்கு வேலையும் தொடங்கியது.

ஊர்வலத்தன்று ஒரு வேடிக்கை. நெட்டைப் பூதன் பிடித்த குடை நல்ல உயரத்தில் நின்றது. அதனால் அரசனின் முகம் கடைசி வரிசைவரை பளிச்சென்று தெரிந்தது. கூத்தன் பிடித்திருந்தால் மூக்குவரை மறைந்திருக்கும். மலைவட்டாரத்து ஓலை ஒன்றுகூட வாணராயன் குடத்தில் விழவில்லை.

வென்ற மகிழ்ச்சியில் அரசன் தன் தங்கக் காப்பைக் கழற்றி நக்கன் கையில் போட்டான்.

"இவ்வளவு கெட்டிக்காரன் நீ, அந்தப் பின்னிருக்கையை உனக்கே கேட்டிருக்கலாமே?"

நக்கன் காப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தகுதி இல்லாத இடத்துக்கு ஆசைப்படலாமா மன்னா? ஊர்வலம் முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியுமா?"