படத்தில் வராத தூசி

ஊசிமேட்டுப்பட்டி அழகுநாச்சிக்கு மூன்று கொழுந்தன்மார். மூத்தவன் கொப்பையா, நடுவுள்ளவன் மாடக்கண்ணு, கடைக்குட்டி சீனிச்சாமி. மூணு பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்தது. அதை யார் வைத்துக்கொள்வது என்பதில்தான் தினமும் சண்டை.

அன்று அவள் கைப்பிள்ளைக்குத் தடுப்பூசி போடக் கிளம்பினாள். களத்தில் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் வியாபாரியின் லாரி வரும். தூசி படிந்த வற்றலை அவன் தொடவே மாட்டான்.

போனைக் கொப்பையா கையில் கொடுத்தாள். "வானத்துல சுத்துற செயற்கைக்கோள் எடுத்த படம் இதுல வரும். நம்ம ஊர் மேல பழுப்பாத் தூசி தெரிஞ்சா, வத்தலைத் தார்ப்பாய் போட்டு மூடிருங்க."

பத்து மணிக்குப் புழுதிக்காற்று கிளம்பியது. பக்கத்தில் நின்ற வேப்பமரத்தையே காணவில்லை.

"அண்ணே, தூசி!" என்றான் சீனிச்சாமி. வாய் திறந்ததில் ஒரு கைப்பிடி உள்ளே போனது.

கொப்பையா போனைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். "படத்துல இல்லியே."

"கண்ணுல விழுதே?"

"மதினி உன் கண்ணையா பார்க்கச் சொன்னாங்க?"

மாடக்கண்ணு ஆழமாக யோசித்தான். "அம்புட்டு உயரத்துல இருந்து பார்க்கிறதுக்கே தெரியல. கீழ நிக்கிற நமக்கு என்னடா தெரியும்?"

மூவரும் இருமிக்கொண்டே தலையாட்டினார்கள்.

மத்தியானம் காற்று நின்றது. வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அப்போதுதான் காலையில் எடுத்த படம் போனில் வந்து விழுந்தது. ஊர் முழுக்கப் பழுப்பு!

"ஐயோ, தூசிடா! மூடு, மூடு!"

மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். தார்ப்பாயை விரித்து மூன்று மூலையில் மூவரும் உட்கார்ந்தார்கள். நாலாவது மூலையில் ஆட்டுக்குட்டியைக் கட்டினார்கள்.

அழகுநாச்சி வந்து தார்ப்பாயைத் தூக்கினாள். வற்றலைக் காணோம், மண்தான் இருந்தது.

"ஒரு பொட்டுத் தூசி வெளிய போகவிடல மதினி," என்றான் கொப்பையா பெருமையாக.

அவள் ஆளுக்கொரு துணியைக் கொடுத்து உட்காரவைத்தாள். கண் எரிய, மூக்கு ஒழுக, ஒவ்வொரு மிளகாயாகத் துடைத்தார்கள். பொழுது சாயும்போது களம் மறுபடி சிவந்தது. மறுநாள் லாரிக்குச் சரக்கு தேறியது.

"பசிக்குது மதினி."

காலையில் பிள்ளைக்குச் சோறூட்டும்போது எடுத்த படத்தைப் போனில் காட்டினாள். "இந்தா சோறு. உங்களுக்குத்தான் படத்துல இருந்தாப் போதுமே, சாப்பிடுங்க."

மூன்று தலையும் போனுக்கு மேல் கூடிக் குசுகுசுத்தன. கொப்பையா பணிவாகப் போனைத் திருப்பி நீட்டினான்.

"காலையில எடுத்த படம் மதினி, ஆறிப் போயிருக்கும். கொஞ்சம் சுட வச்சுக் குடுங்க."