போய் வா என்ற பதில்

வெகுகாலத்துக்கு முன்னால் ஏரிமங்கலம் என்கிற சீமையை இரணசூரன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். பேரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். அவன் போட்ட சண்டையெல்லாம் சமையல்காரனோடுதான். காலையில் ஒருவனுக்குப் பதவி கொடுப்பான், சாம்பாரில் உப்புக் குறைந்தால் மாலையில் பிடுங்கிவிடுவான்.

வேலை கேட்டு வருகிறவர்கள் விண்ணப்ப ஓலையை அரண்மனை வாசலில் தில்லைவிடங்கரிடம் கொடுக்க வேண்டும். அவர்தான் ஓலைநாயகம். தன்னைவிடக் கெட்டிக்காரன் எவனும் உள்ளே வந்துவிடக் கூடாது என்பது அவருடைய ஒரே கொள்கை. அதற்காக யாரையும் விரட்டவும் மாட்டார். வாய் நிறையச் சிரித்து, "பார்க்கலாம், போய் வா" என்பார்.

'போ' என்று மொட்டையாகச் சொன்னால் அபசகுனம் என்று நாம் எல்லோரும் சொல்கிற வார்த்தைதானே? சிற்றம்பலம் என்கிற அப்பாவி மனிதர் மட்டும் அதை அப்படியே நம்பினார். போனார். வந்தார். திங்கட்கிழமை தவறாமல் மூன்று வருஷம்.

சிற்றம்பலம் மதகு வேலையில் பிறந்து வளர்ந்தவர். தண்ணீர் ஓடுகிற சத்தத்தை வைத்தே கரை எங்கே கசிகிறது என்று சொல்லிவிடுவார். ஓலை எழுத உட்கார்ந்தால் மட்டும் புத்தி வேறெங்கோ போய்விடும்.

"இருபது வரிக்கு ராஜாவின் தோள், வாள், குதிரை. உங்களுக்கு என்ன தெரியும் என்பது கடைசி வரியில். அதுக்குள்ள படிக்கிறவன் தூங்கிடுவான்" என்பாள் அவர் மனைவி உமையாள்.

"ராஜாவுக்கு மரியாதை வேண்டாமா உமையா?"

"வேலை கேட்கப் போறீங்களா, கல்யாணத்துல வாழ்த்துப் பாடப் போறீங்களா? உள்ளே யாரையாவது பிடித்து, என்ன குறை இருக்குன்னு விசாரிங்களேன்!"

அவர் சிரித்துக்கொண்டே கிளம்பிவிடுவார். அவளும் அலுத்துக்கொண்டே "போயிட்டு வாங்க" என்பாள்.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை, அடைமழை.

"இன்னிக்கு வேண்டாங்க."

"ஓலைநாயகம் வரச் சொல்லியிருக்காரே."

"ஐயோ, அது சும்மா சொல்றது! ஊருக்கே சொல்றது!"

அவர் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போங்க!" என்றாள். எப்போதும் பின்னால் வரும் 'வாங்க' அன்றைக்கு வரவில்லை.

சாயங்காலம் அவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசலில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம். அன்றைய ஓலையை மட்டும் முன்னாடியே கொடுத்துவிட்டாராம்.

காரியம் முடிந்ததும் கொழுந்தன் சொன்னார்: "அண்ணி, தை பிறந்ததும் நம்ம வீட்டுக்கு வந்துடுங்க. மாவாட்ட ஆளில்லை." இரண்டு வேளைச் சோற்றுக்கு ஆயுசு முழுக்க ஆட்டுக்கல். தைக்குள் ஒரு வேலை கிடைத்தாக வேண்டும் என்று உமையாள் முடிவு செய்தாள்.

மார்கழியில் ராஜாவின் தெப்பம் நடு ஏரியில் சேற்றில் சிக்கி நின்றது. ஐப்பசியில் தளும்பின ஏரி! "ஏரி எங்கே ஒழுகுகிறது என்று சொல்பவருக்குக் கேட்ட வேலை" என்று தண்டோரா போட்டார்கள்.

உமையாள் வாசலுக்கு ஓடவில்லை. முதலில் அரண்மனைத் துணி வெளுக்கும் மாடத்தியிடம் போனாள்.

"வாசல்ல கொடுக்கிற ஓலையெல்லாம் எங்கே போகுது மாடத்தி?"

"ஓலைநாயகம் கட்டிலுக்கு ஒரு கால் குட்டை அக்கா. அதுக்குத்தான் முட்டுக் கொடுத்திருக்காரு. விரிப்பு மாத்துறப்போ தினமும் பாக்குறேனே."

உமையாளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது.

சபையில் புலவர்களும் ஜோசியர்களும் ஒரு ஜாமமாய் ராஜாவின் தோளைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அவன் கொட்டாவி விட்டுக்கொண்டே, முன்னால் வந்து நின்ற உமையாளிடம், "நீ யார்? உனக்கு என்ன தெரியும்?" என்றான்.

"உமையாள். படிக்கத் தெரியும். எந்த ஓலை எங்கே கிடக்கிறது என்று தெரியும். நீங்கள் தேடுகிற பதில் மூன்று வருஷமாக உங்கள் அரண்மனையில்தான் இருக்கிறது."

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தான். தில்லைவிடங்கர் பல்லைக் காட்டினார். "பார்க்கலாம் அம்மா, போய் வா."

"போறேன். நீங்களும் கூட வாங்க, உங்க கட்டில் வரைக்கும்."

சபை கொல்லென்று சிரித்தது. கட்டிலைத் தூக்கினார்கள். முடிச்சு அவிழ்க்காத ஓலைகள் கட்டுக்கட்டாக வந்தன. உமையாள் பொறுக்கிக் கொடுத்ததில் ஒன்றை ராஜா பிரித்தான். "தோள்... வாள்... குதிரை... என்ன இழவு இது?" கடைசி வரிக்கு வந்தான். 'மூன்றாம் மதகின் அடிக்கல்லில் மயிரிழை விரிசல்.' அடுத்த வருஷத்து ஓலையில், 'ஈர்க்குச்சி நுழைகிறது.' ஐப்பசி ஓலையில், 'விரல் நுழைகிறது. பத்துப் பேர் கொடுத்தால் ஒரே நாளில் அடைப்பேன்.'

"யார் இந்தச் சிற்றம்பலம்? இப்போதே கூப்பிடு!"

"ஓலைநாயகம் 'போய் வா' என்றார். ஒவ்வொரு தடவையும் வந்தார்" என்றாள் உமையாள். "கடைசியில் நான்தான் 'போங்க' என்று மட்டும் சொன்னேன், மகாராஜா. போய்விட்டார்."

ராஜாவுக்குக் கோபம்கூட வரவில்லை. ஓலையைக் கீழே வைத்துவிட்டு, தில்லைவிடங்கரின் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னான். "இனிமேல் நீ திங்கட்கிழமைதோறும் வாசலில் வந்து நின்று வேலை கேள். நானும் 'பார்க்கலாம்' என்று சொல்கிறேன்."

"வேண்டாம் மகாராஜா" என்றாள் உமையாள். "இல்லை என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவர் வீட்டிலும் ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்."

தில்லைவிடங்கர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். உமையாள் கேட்ட வேலை அவர் உட்கார்ந்திருந்த இடம். அன்றிலிருந்து ஏரிமங்கலத்தில் விண்ணப்பத்துக்கு மூன்றே வரி, அதற்குப் பதில் அன்றைக்கே: 'உண்டு' அல்லது 'இல்லை'.

முதல் நாள் அவள் ஓலைக்கட்டின் அடியில் கிடந்த ஆகப் பழைய ஓலையை எடுத்தாள். 'வேலை உண்டு' என்று எழுதினாள். எழுத்தாணியைக் கீழே வைக்க மனசு வரவில்லை. அதற்கடியில் 'வாங்க' என்று எழுதினாள்.

சேவகன் ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதை எந்த வீட்டில் கொடுக்கணும் அம்மா?"

"கொடு இப்படி. எங்க வீடுதான்" என்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்த ஓலையைப் பிரித்தாள் உமையாள்.