பெயர் நெய்த பாய்

சாமிக்கு வயது நாற்பத்திரண்டு. அவருடைய சீடர் கோமதிநாயகத்துக்கு அறுபத்தெட்டு. அதனால் குரு சீடரை "அண்ணாச்சி" என்று கூப்பிடுவார். சீடர் குருவை "சாமி" என்பார். ஆளுக்கொரு மரியாதை என்று இருவரும் ஒப்புக்கொண்டு விட்டார்கள்.

சாமி கடற்கரையில் பிறந்தவர். வீடு, வாசல், சொந்தம் எல்லாவற்றையும் துறந்தவர், ஒரு சின்னப் பாய்மரப் படகை மட்டும் துறக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "எனக்கு நீந்தத் தெரியாது" என்பார். அது சுத்தப் பொய்.

தை மாதம் கடல் பக்கமிருந்து கொண்டல் காற்று வீசும்போது, அந்தப் படகில் ஆற்றை எதிர்த்து மேற்கே போவார். வழியில் நான்கு பழைய கோயில்கள். விடியலில் கிளம்பினால் நண்பகலுக்குள் நான்கையும் பார்த்துவிடலாம். அந்த வருஷம் கோமதிநாயகத்தையும் வரச் சொன்னார்.

கோமதிநாயகம் கையில் பை இல்லை, செம்பு இல்லை. கக்கத்தில் சுருட்டிய பாய் ஒன்று மட்டும் இருந்தது.

அது பத்தமடைப் பாய். பட்டுத் துணியைப் போல மடியும். நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முன் அவருடைய கல்யாணத்துக்குப் பெண்வீட்டார் சொல்லிவைத்து நெய்தது. நடுவில் சிவப்புக் கோரையில் இரண்டு பெயர்கள் இருக்கும். கோமதிநாயகம், ஆவுடையம்மாள்.

ஆவுடையம்மாள் கடைசி நாட்களில் அந்தப் பாயில்தான் கிடந்தாள். உயிரும் அதில்தான் போனது. பாயை ஆற்றில் விட்டுவிடச் சொன்னார்கள், அதுதான் வழக்கம். கோமதிநாயகம் யாருக்கும் தெரியாமல் அதைப் பரணில் ஏற்றிவிட்டார். பதினாறு முடிந்ததும் இறக்கி விரித்துப் படுத்தார். ஒரு வருஷம் மூன்று மாதம் ஆகிவிட்டது, அவர் அதைவிட்டு எழுந்ததே குறைவு.

இன்றைக்கு நான்காவது கோயிலில் அவருடைய பேத்திக்குக் காதுகுத்து. அவர் மகள் வடிவுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. தாய்மாமன் மடி இல்லாததால் தாத்தா மடிதான். உச்சிக்காலம் முடிந்து நடை சாத்துவதற்குள் குத்தியாக வேண்டும். வடிவு போனில் சொல்லியிருந்தாள்.

"எப்பா, புள்ளைய மடியில வைக்க நீங்க வேணும். ஆனா அந்தப் பாயோட வந்துராதீய. எங்க அத்தை அதைச் 'சாவுப் பாய்'ங்காவ. நல்ல காரியத்துல அது வேண்டாங்காவ. எனக்காவ வெறுங்கையோட வாங்கப்பா."

சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டாள். அதனால்தான் பாய் படகில் ஏறியது. நான்காவது கோயிலுக்கு முன்னால் மூன்று படித்துறைகள் இருக்கின்றன. ஏதாவது ஒன்றில் அதை விட்டுவிடுவது என்று அவர் முடிவு செய்திருந்தார்.

படகு கிளம்பியது.

"சாமி, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"ஒரு பொருளை விடுதது எப்படி?"

சாமி படகுப் பாயின் கீழ்முனையில் கட்டிய தென்னங்கயிற்றை எடுத்து நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் பிடிங்க. காத்து திடீர்னு அறைஞ்சா 'விடுங்க'ம்பேன். உடனே விட்டுரணும். இல்லன்னா பாய் கிழிஞ்சிரும்."

"சரி."

"காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு சாமி."

காதில் விழுந்தது உண்மை. மனசு மடியில் சுருட்டி வைத்திருந்த பாயிலேயே இருந்தது.

முதல் கோயில் பாதி மணலுக்குள் புதைந்த சிவன் கோயில். குனிந்து இறங்கிக் கும்பிட்டார்கள். பிறகு கோமதிநாயகம் பாயோடு படித்துறையில் முழங்கால் தண்ணீர் வரை இறங்கினார். கொஞ்ச நேரம் நின்றார். பாயோடு ஏறி வந்தார்.

"படியெல்லாம் பாசி, சாமி. வழுக்குது."

"யாருக்கு வழுக்குது? உங்களுக்கா, பாய்க்கா?"

கோமதிநாயகம் படகில் ஏறிக்கொண்டார்.

இரண்டாவது பெருமாள் கோயில். பன்னிரண்டடிக் கல்லில் பெருமாள் பாம்பணையில் நீட்டிப் படுத்திருந்தார். கோமதிநாயகம் தலையிலிருந்து கால்வரை மெதுவாகப் பார்த்தார்.

"சாமி, இவரும் இன்னும் படுக்கையை விடலியே."

சாமி சிரித்துவிட்டார். துளசி கொடுக்க வந்த பட்டர் முறைத்தார். வெளியே படித்துறையில் பெண்கள் குளித்துக் கொண்டிருந்தார்கள். கோமதிநாயகத்துக்கு அது போதுமான சாக்காக இருந்தது.

மூன்றாவது அம்மன் கோயில். கூரை இல்லை, பூசாரி இல்லை. செம்பருத்திச் செடி ஒன்று தானாகப் பூத்துத் தானாகவே அம்மன் காலடியில் உதிர்த்துக் கொண்டிருந்தது. படித்துறையில் ஆள் இல்லை, பாசி இல்லை. தண்ணீர் அடிமணல் தெரியும்படி ஓடியது.

கோமதிநாயகம் பாயை நடுப்பகுதி வரை விரித்தார். 'ஆவு' என்ற இரண்டு எழுத்து தெரிந்தது. சட்டென்று சுருட்டிவிட்டார்.

படகுக்குத் திரும்பியபோது அவரிடம் சாக்கு ஒன்றும் இல்லை. உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். பாவம், அந்த வயதில் அப்படி அழுவதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"முடியல, சாமி. அவ கடைசியா எங்கிட்டப் பேசுனது இதுல படுத்துத்தான்."

"என்ன சொன்னாவ?"

"நான் பக்கத்துலயே ஒண்டிக் கிடப்பேன். 'கொஞ்சம் தள்ளிப் படுங்க, காத்து வரட்டும்'னா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் பேசல."

சாமி தலையை ஆட்டினார். படகைக் கரையிலிருந்து தள்ளினார்.

ஆறு வளைந்தது. வளைவைத் தாண்டியதும் தூரத்தில் நான்காவது கோயிலின் கோபுரம் தெரிந்தது. மேளச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. கோமதிநாயகத்தின் வலது கையில் கயிறு, இடது கையில் சுருட்டிய பாய். வடிவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக் கொண்டிருந்தார்.

அப்போது காற்று அறைந்தது.

"விடுங்க!" என்றார் சாமி.

கோமதிநாயகம் பாயை நெஞ்சோடு இறுக்கினார். கயிறும் அதோடு சேர்ந்து இறுகியது.

"விடமாட்டேன்!"

"கயிறை விடுங்க, அண்ணாச்சி!"

அவருக்குப் புரிவதற்குள் படகின் பாய் மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. இரண்டு துண்டும் பாய்மரத்தில் படபடவென்று அடித்துக்கொண்டன. படகு நின்றது. பிறகு வந்த வழியே மெல்லப் பின்னால் போகத் தொடங்கியது. சாமி மூங்கில் கழையை ஊன்றி அதைப் பிடித்து நிறுத்தினார்.

"இந்தப் பாயைச் சொல்லுதீயன்னு நெனச்சிட்டேன், சாமி."

"தெரியுது."

"கழை போட்டுப் போயிரலாமா?"

"எதிர்த்தண்ணி. நடை சாத்துன பொறவு போய்ச் சேரலாம்."

"கரையில எறங்கி நடந்தா?"

"ரெண்டு கரையும் நாணலும் சேறுமால்லா இருக்கு."

சூரியன் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. கோபுரம் கண்ணுக்கு நேராக இருந்தது. அங்கே ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டு, யார் மடியில் வைப்பது என்று தெரியாமல் நிற்பார்கள். வடிவு ஆற்றையே பார்த்துக் கொண்டிருப்பாள். ஆவுடையம்மாள் இருந்திருந்தால் முதல் ஆளாக அங்கே போயிருப்பாள். இந்நேரம் இவரைத் திட்டிக்கொண்டும் இருப்பாள்.

"பாய் இல்லாமப் படகு ஏறாது" என்றார் சாமி.

அதைப் பாய்மரத்தைப் பார்த்துத்தான் சொன்னார். கோமதிநாயகத்தின் மடியை அவர் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை.

கோமதிநாயகம் குனிந்து தன் மடியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மேளம் மறுபடி கேட்டது.

"இது தாங்குமா, சாமி?"

"அந்தக் காலத்துல கோரைப் பாயைத்தான் கட்டுவாங்கன்னு எங்க அப்பா சொல்லுவாரு. கோயில் வரைக்கும் தாங்கும்."

"எப்படிக் கட்டுதது?"

"நாலு மூலையிலயும் ஓட்டை போட்டுக் கயிறு கோக்கணும்."

"ஓட்டையா?"

"ஆமா."

"கத்தியைக் குடுங்க. நானே போடுதேன்."

மூன்று மூலையில் போட்டுவிட்டார். நான்காவது மூலை ஆவுடையம்மாள் தலைமாடு. அதில் தைல வாசனை இன்னும் இருந்தது. அங்கே கத்தியை வைத்துக்கொண்டு, "ஏட்டி, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றார். பிறகு குத்தினார்.

சாமி கிழிந்த துணியை இறக்கிவிட்டு, மேல்மூலை இரண்டையும் குறுக்குக் கம்பில் கட்டினார். கீழ்மூலை ஒன்றைப் படகோடு கட்டினார். இன்னொன்றின் கயிற்றைக் கோமதிநாயகத்திடம் நீட்டினார்.

"நானா? மறுபடியுமா?"

"படகுல வேற யாரு இருக்கா?"

"நீங்க 'விடுங்க'ன்னா கயிறைத்தானே, சாமி?"

"இப்ப ரெண்டும் ஒண்ணுதான்."

பாய் ஏறியது. ஒரு வருஷம் மூன்று மாதமாகச் சுருண்டும் நசுங்கியும் கிடந்த பாய், முதலில் ஒரு மாதிரி முறுக்கிக்கொண்டு நின்றது. பிறகு காற்று அதைக் கண்டுபிடித்தது. வயிறு வைத்துப் புடைத்தது. படகு தண்ணீரை எதிர்த்து ஏறியது.

எழுத்துகள் முன்னால் கோயில் பக்கம் பார்த்து இருக்கும்படி சாமி கட்டியிருந்தார். உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கோமதிநாயகத்துக்குப் பெயர்கள் இடம் வலமாக மாறித் தெரிந்தன. அவரால் வாசிக்க முடியவில்லை. ஆனால் தெரியாத பெயரா என்ன?

பாதி வழியில் காற்று மறுபடி அறைந்தது.

சாமி வாயைத் திறக்கவில்லை. கோமதிநாயகம் தானாகவே கயிற்றை ஓடவிட்டார். பாய் தளர்ந்து, படபடத்து, காற்றைக் கழித்தது. கோரை ஒன்றுகூட அறவில்லை. காற்று அடங்கியதும் கயிற்றைத் திரும்ப இழுத்துப் பிடித்தார். பாய் மறுபடி புடைத்தது. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

படித்துறையில் வடிவு இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். பக்கத்தில் அவளுடைய மாமியார் நெற்றிமேல் கைவைத்து ஆற்றைப் பார்த்தாள்.

"என்னம்மா இது? படுக்குத பாயைக் கட்டிக்கிட்டுப் படகு வருது?"

வடிவு பார்த்தாள். படகு நெருங்க நெருங்க எழுத்து பெரிதானது.

"கோமதிநாயகம்" என்று வாசித்தாள். அடுத்த பெயர் அவள் அம்மாவுடையது. பிள்ளையை மாமியார் கையில் கொடுத்துவிட்டுப் பட்டுச்சேலையோடு தண்ணீரில் இறங்கிவிட்டாள். கரை தட்டுமுன்பே படகின் முனையைப் பிடித்துக்கொண்டு, பாயை அண்ணாந்து பார்த்து அழுதாள்.

"அது யாரு பாய்?" என்றாள் மாமியார் மேலேயிருந்து.

"எங்க அம்மா அப்பா கல்யாணப் பாய், அத்தை."

அது எந்தப் பாய் என்று மாமியாருக்குப் புரிந்தது; இரண்டு பெயரையும் ஒருமுறை பார்த்தாள். அவளும் ஒரு காலத்தில் பெயர் நெய்த பாயில் உட்கார்ந்தவள்தான்.

"கல்யாணப் பாய்னு மொதல்லயே சொல்லப்படாதா? வேறென்னமோன்னுல்லா நெனச்சேன். வாங்க, சம்பந்தி, சீக்கிரம். ஆசாரி வந்து எவ்வளவு நேரமாச்சு!"

காதுகுத்து நடந்தது. பிள்ளை கோயில் இடிந்துவிடும் போல அழுதது. ஒரு காது முடிந்ததும் தாத்தாவின் மீசையைப் பிடித்துக்கொண்டது. அடுத்த காது முடியும்வரை விடவில்லை. வலி அவருக்கும் பாதி கிடைத்தது. அவர் அழுதாரா சிரித்தாரா என்று பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை.

பூசை முடிந்து நடை சாத்தினார்கள். வடிவு பாயைப் பாய்மரத்திலிருந்து அவிழ்த்துப் படித்துறை வெயிலில் விரித்தாள்.

"எப்பா, இது நல்லாக் காயட்டும். இனிமே புள்ளைக்கு விரிக்கணும். நான் எடுத்துக்கிடுதேன்."

கோமதிநாயகம் சரி என்றார். சொன்ன பிறகுதான் தான் சரி என்று சொன்னது அவருக்கே உறைத்தது.

சாமி படகில் உட்கார்ந்து கிழிந்த துணியைத் தைத்துக் கொண்டிருந்தார். கோமதிநாயகம் இறங்கிப்போய் எதிரில் உட்கார்ந்தார்.

"சாமி, ஆத்துல விடணும்னு வந்தேன். விடல. வீட்டுக்கும் கொண்டு போகல. நான் இன்னிக்கு அதை விட்டனா, பிடிச்சிக்கிட்டனா? ஒண்ணும் விளங்கல."

சாமி ஊசியைக் குத்தி வைத்தார்.

"வலது கையைக் காட்டுங்க."

நீட்டினார். தென்னங்கயிறு ஓடிய இடத்தில் உள்ளங்கையின் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு இருந்தது. அதுவரை அவர் அதைக் கவனிக்கவில்லை. இப்போதுதான் எரிந்தது.

சாமி அந்தக் கோட்டைப் பார்த்தார்.

"விட்டுப் பிடிச்சிருக்கீய, அண்ணாச்சி."