பூதத்துக்குப் புளியங்கா அடி

சங்கிலிக்கு வராத குரலே கிடையாது. ஆட்டுக்குட்டி, கோயில் மணி, மருமகளைத் திட்டுற மாமியா, எல்லாம் அவன் தொண்டைக்குள்ளதான் குடியிருந்துச்சு. அந்த ஆசிரமத்துல அவன்தான் மூத்த சிஷ்யன். வயசுல குருவம்மாவைவிடவும் மூத்தவன். அதனால அவங்க அவனை அண்ணேன்னு கூப்பிடுவாங்க, அவன் அவங்களை அம்மான்னு கூப்பிடுவான். யாருக்கும் அதுல சங்கடமில்ல.

அன்னிக்கு மத்தியானம் மூச்சிரைக்க ஓடியாந்தான்.

"அம்மா, நாடகம் போச்சும்மா!"

"என்னண்ணே ஆச்சு?"

"நம்ம புள்ளைங்க ஒரு கதை வாசிச்சாங்கல்ல? சுனைக்குக் காவலா ஒரு பூதம், தண்ணி குடிக்க வர்றவங்களையெல்லாம் உறுமி விரட்டுமே, அந்தக் கதை. சாயங்காலம் ஊருக்கு முன்னாடி அதை நடிக்கணும். நம்ம பேச்சிதான் பூதம். ஒத்திகையில ஒரு உறுமு உறுமுனா பாருங்க..."

உறுமிக் காட்டுனான். கொட்டில்ல கன்னுக்குட்டி கயித்தை அத்துக்கிட்டு ஓடுச்சு.

"அம்புட்டுப் பயலுகளும் நெசமாவே புளியங்காயால அடிச்சுப்புட்டானுங்கம்மா! இனிமே வரமாட்டேன்னு வேப்பமரத்தடியில உக்காந்துட்டா. வேற ஒருத்தனும் பூதமாக மாட்டேங்குறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பூதத்துக்கும் ஒரு மனசு இருக்கும்டான்னு கத்துனேன். பூதம்னா கெட்டதுதானேண்ணேங்குறான் தவசிப்பய. அது மனசை எப்படிம்மா இவனுங்களுக்குப் புரியவைக்கிறது?"

குருவம்மா எந்திரிச்சு உள்ள போனாங்க. புள்ளைங்களுக்கு வச்சிருந்த மோர்ப்பானையைத் தூக்கியாந்து அவன் முன்னாடி வச்சாங்க.

"இதுல பல்லி விழுந்துருச்சுண்ணே. வேற மோர் கரைச்சுட்டு வர்றேன். அதுவரைக்கும் ஒரு சொட்டு எந்தப் புள்ளை வாயிலயும் படக்கூடாது."

"கீழ ஊத்திட்டாப் போச்சு, இதுக்குப் போயி..."

"ஊத்தவும் கூடாது. நான் வர்ற வரைக்கும் உங்களுக்கு மவுன விரதம்."

அந்த ஆசிரமத்துல குரு மவுனம்னுட்டா அவ்வளவுதான், ஒரு வார்த்தை வெளிய வரக்கூடாது. சங்கிலிக்கு அது பட்டினியைவிடக் கொடுமை.

ஆடிக் களைச்ச கூட்டம் திமுதிமுன்னு ஓடியாந்துச்சு.

"மோரு! மோரு!"

சங்கிலி குறுக்க பாஞ்சான். "ம்ஹும்!"

"தாகம்ணே!"

"ம்ம்ஹும்!"

என்ன செய்வான் பாவம்? விரலை நெளிச்சான், நாக்கை நீட்டுனான், தொந்தியைச் செவுத்துல ஒட்டிக்கிட்டுப் பல்லி மாதிரி ஊர்ந்து காட்டுனான்.

"டேய், அண்ணன் பழிப்புக் காட்டுறாருடா!"

"அம்புட்டையும் அவரே குடிக்கப் போறாரு! தொந்தியைப் பாரு!"

தவசி அவன் காலுக்கிடையில பூந்து டம்ளரைப் பானைக்குள்ள விட்டுட்டான். சங்கிலிக்கு உசுரே போச்சு. ஓங்கித் தட்டிவிட்டான். டம்ளர் உருண்டு ஓடுச்சு. வாயைத் திறந்தான் பாருங்க, வந்துச்சு ஒரு உறுமல். அவன் சென்மத்துல எடுக்காத குரல்!

"பூதம்டா! அடிங்கடா!"

புளியங்கா பறந்துச்சு. மூக்குல ஒண்ணு, நெத்தியில ஒண்ணு. சங்கிலி பானையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் கெடந்தான். கண்ணுல பொலபொலன்னு தண்ணி.

வேப்பமரத்தடியிலேர்ந்து பேச்சி எழுந்து வந்தா. குனிஞ்சு அவன் மூஞ்சியையே பாத்தா. அப்புறம் திரும்பி, ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு முன்னாடி நின்னா.

"யாரும் கிட்ட வராதீங்க!"

"நீ எதுக்குடி அவரோட சேந்துக்கிட்டு?"

"இவ்வளவு அடி வாங்கியும் நகர மாட்டேங்குறாருல்ல? உள்ள என்னமோ இருக்கு."

குருவம்மா புதுப்பானையோட வந்தாங்க. "பல்லி விழுந்த மோரு அது. இனிமே பேசுங்கண்ணே."

"அடப் பாவிகளா! குடிச்சிருந்தா என்னாயிருக்கும்டா? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்ல முடியாம நான் பட்ட பாடு..."

தவசி கையிலிருந்த புளியங்கா பொத்துன்னு கீழ விழுந்துச்சு. அவன் கண்ணு மட்டும் மெல்ல விரிஞ்சுச்சு.

"அண்ணே... அப்ப அந்தச் சுனையில என்ன விழுந்துச்சு?"

அவ்வளவுதான், கிளம்பிட்டானுங்க!

"பாம்பு!"

"இல்லடா, பூதத்தோட குட்டி உள்ள தூங்குது!"

"வெசம்டா, வெசம்!"

"நான்தான் பூதம்!"

"போடா, நானு!"

சங்கிலிக்கும் இருப்புக் கொள்ளல. புள்ளைங்களோட சேந்து அவனும் குதிச்சான்.

"சொல்லுங்கம்மா! எதும்மா? பாம்பா, குட்டியா?"

குருவம்மா புது மோரை மொதல்ல பேச்சிக்கு ஊத்திக் குடுத்தாங்க.

"எனக்கெப்படிண்ணே தெரியும்? பூதமா சுனைக்கிட்ட நின்னது அவ. அவளைக் கேளுங்க."