பீரோவுக்குப் புதுப் பூட்டு

பேரூராட்சித் தலைவர் துரைக்கண்ணு பள்ளிக்கூட ஆபீசுக்குள் நுழைந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என் மகனுக்குப் பார்த்திருக்கிற பொண்ணு இங்கதான் படிச்சா. அவ மார்க்கு, லீவு, வியாதி எல்லாம் பாக்கணும். பீரோவைத் திற."

"அவங்க வீட்டுல எழுதிக் கொடுத்தாத்தான் காட்டலாம், அண்ணாச்சி," என்றாள் அட்டெண்டர் எசக்கியம்மாள்.

"என்கிட்டயேவா? நாளைக்கே உன்னைத் தூக்கிருவேன்!"

"சரி, திறக்கேன். ஆனா நேத்து உங்களை எதிர்த்து நின்னவரும் வந்தாரு. தேர்தல் நோட்டீசுல நீங்கதான் ஸ்கூல் ஃபர்ஸ்டுன்னு போட்டிருந்தீங்கள்லா? அது நெசமான்னு பாக்கணுமாம். முடியாதுன்னு அனுப்பிட்டேன். உங்க ரெக்கார்டும் இதே பீரோலதான் இருக்கு. உங்களுக்குத் திறந்துட்டு, அவருக்கு மட்டும் எப்படி மாட்டேன்னு சொல்ல?"

துரைக்கண்ணு எழுந்து போனார்.

மறுநாள் அவர் வீட்டிலிருந்து பெரிய பூட்டு ஒன்று வந்தது. சாவியை எசக்கியம்மாளைத் தவிர யாரிடமும் கொடுக்கக் கூடாதாம்.