ரெண்டாவது பாடம் இல்லாத மலை ஊர்

மலைக்கு மேல மலை, அதுக்கும் மேல ஒரு ஊர். அந்த ஊர்ல ஒரு பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் நிறையப் பிள்ளைங்க, டீச்சர் மட்டும் இல்ல. நேபாள தேசத்துல, பனி விழுற இடம். ம் கொட்டு, அப்பதான் சொல்லுவேன்.

அப்போ நம்ம கம்பம் ஊர்லேருந்து தமயந்தின்னு ஒரு டீச்சர் கிளம்பினாங்க. நர்சரி ஸ்கூல்ல கத்திக் கத்தித் தொண்டை வத்திப்போன டீச்சர். லீவு போட்டா படுத்துத் தூங்கலாம் இல்லையா? அது தெரியாது அவங்களுக்கு. "பாவப்பட்ட பிள்ளைங்களுக்கு நாலு எழுத்து சொல்லிக்கொடுத்துட்டு வரேன்"னு ரயிலேறி, பஸ் ஏறிப் போனாங்க. மலைப் பாதையில பஸ் கடகட, குடுகுடுன்னு ஆட்டின ஆட்டத்துல இடுப்பே கழண்டுபோச்சு. அப்புறம் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்க ஏத்தம் ஏறி, ஊருக்குள்ள போய் விழுந்தாங்க.

அப்புறம் பள்ளிக்கூடத்துச் சுவத்துல இங்கிலீஷ் எழுத்துப் படத்தை மாட்டினாங்க. ஆப்பிள், பந்து, பூனை. பிள்ளைங்க கண்ணை அகல விரிச்சு, "ஓ... ஆப்பிளா!"ன்னாங்க. மத்தியானத்துக்குள்ள அத்தனையும் மனப்பாடம்! அப்புறம் பல்லு தேய்க்கிற பிரஷ் கொடுத்தாங்க. "ஓ... பிரஷ்ஷா!" சர்ர் சர்ர்னு தேய்ச்சுக் காட்டுச்சுங்க. அப்புறம் கை கழுவுற பாட்டு. டீச்சர் முதல் வரி பாடி மூச்சு இழுக்கறதுக்குள்ள பிள்ளைங்க அடுத்த வரியைப் பாடி முடிச்சிடுச்சுங்க! "என்ன புத்தி, என்ன புத்தி!"ன்னு டீச்சருக்குப் பெருமை தாங்கல. இருந்த அசதியில அதுக்கு மேல யோசிக்கவும் இல்ல.

ம்?

அப்புறம் குளிரு ஒத்துக்காம டீச்சருக்குக் காய்ச்சல் வந்துச்சு. தங்கியிருந்த வீட்டுல கம்பளிக்குள்ள சுருண்டு கிடந்தாங்க. அந்த வீட்டுப் பொண்ணு பேமா, சரியான வாயாடி. வாசல்ல மத்த பிள்ளைங்களை உக்கார வெச்சு டீச்சர் விளையாட்டு விளையாடறா.

"இப்போ நெட்டை மிஸ்!" மூக்கால பேசறா, "ஆப்ப்பிள்."

"ஓ... ஆப்பிளா!"ங்குதுங்க பிள்ளைங்க.

"இப்போ தும்மல் மிஸ்! ஹச்சு! ஆப்பிள்!"

"ஓ... ஆப்பிளா!"

"இப்போ இடுப்பு மிஸ்!" இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு, "அய்யோ... அம்மா... ஆப்பிள்."

விழுந்து விழுந்து சிரிக்குதுங்க. இடுப்பு மிஸ் யாரு? ஆமா, நம்ம தமயந்திதான்.

டீச்சர் எழுந்து வாசலுக்கு வந்தாங்க. அப்போ அரைகுறை நேபாளியில கேட்டாங்க, "ஏண்டி பேமா, இதெல்லாம் முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் மிஸ். உங்களுக்கு முன்னாடி வந்த மிஸ்ஸுங்க எல்லாரும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தாங்க."

"பிரஷ்ஷு?"

பேமா உள்ள போய் ஒரு கூடையைக் கொண்டுவந்து கவுத்தா. கலகலகலன்னு கொட்டுச்சு, அத்தனையும் பிரஷ்!

"ஏன் சொல்லல?"

"விருந்தாளி கொண்டுவந்ததை எங்ககிட்ட இருக்குன்னு சொல்லலாமா மிஸ்? எங்க ஊர்ல அது பெரிய தப்பு. வந்தவங்க முகம் வாடிடும் இல்ல?"

"சரி, ரெண்டாவது பாடம் தெரியுமா?"

"அது யாருக்குத் தெரியும்? அதுக்குள்ள பனி வந்துடும், மிஸ்ஸுங்க கடைசி பஸ்ஸுல போயிடுவாங்க. அடுத்த மிஸ் வந்து மறுபடியும் ஆப்பிள்." பேமா கீழ கிடந்த பிரஷ்ஷை எல்லாம் பொறுக்கினா. "எனக்கு இந்தக் குளிர்காலம் வரைக்கும்தான் பள்ளிக்கூடம் மிஸ். பனி கரைஞ்சா அப்பாவோட சடை மாடு மேய்க்கப் போயிடுவேன். அதுக்குள்ள புஸ்தகத்துல ஒரு பக்கம் வாசிச்சுடணும்னு ஆசை. ஆகாது, விடுங்க."

டீச்சர் அழுதாங்களான்னா கேக்கறே? அழக்கூடத் தெம்பில்ல கண்ணு. போய்ப் படுத்துட்டாங்க.

அப்புறம் கடைசி பஸ் வந்துச்சு. அதை விட்டா பனி கரையற வரைக்கும் வழியில்ல. லீவும் முடியுது, போகலைன்னா நர்சரி ஸ்கூல் வேலை போயிடும். டீச்சர் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு இறங்கினாங்க. பிள்ளைங்க வரிசையா நின்னு டாட்டா காட்டுச்சுங்க. பழகின கை இல்லையா, ஒரே மாதிரி ஆடுது.

பாம்!னு டிரைவர் ஹாரன் அடிச்சார். டீச்சருக்கு வீட்டு வெந்நீர் ஞாபகம் வந்துச்சு. ஒரு காலைப் படியில வெச்சாங்க.

பாம்! வேலை ஞாபகம் வந்துச்சு. இன்னொரு காலையும் வெச்சாங்க.

பாம்! "அக்கா, ஏறினா உள்ள போங்க, இல்லைன்னா இறங்குங்க. பனிக்கு முன்னாடி நானும் வீடு போய்ச் சேரணும்"னு டிரைவர் சலிச்சுக்கிட்டார்.

அப்போ டீச்சர் திரும்பிப் பாத்தாங்க. போறவங்க முகம் வாடக்கூடாதுன்னு பேமா பல்லெல்லாம் தெரிய சிரிச்சுக்கிட்டு நிக்கறா. அவ அழுதிருந்தாக்கூட டீச்சர் போயிருப்பாங்க. அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியல.

"நீ போப்பா"ன்னு இறங்கி, ரோட்டோரமா பெட்டி மேலயே உக்காந்துட்டாங்க.

பஸ் டுர்ர்ர்னு போயிடுச்சு. பிள்ளைங்க கை மட்டும் இன்னும் ஆடிக்கிட்டே இருக்கு. மிஸ் போகலைன்னா அடுத்து என்ன செய்யணும்னு அதுங்களுக்குத் தெரியல.

"கையைக் கீழ போட்டுட்டு வந்து பெட்டியைத் தூக்குங்கடி, என்னால முடியல"ன்னாங்க டீச்சர். "நாளைக்கு ரெண்டாவது பாடம்."

அவ்வளவுதான். பஸ்ஸும் மலை இறங்கிடுச்சு, கதையும் இறங்கிடுச்சு. எனக்கும் அசதியா இருக்கு, நீ கண்ணை மூடு.