எதிர்வரிசையின் ஒரே கேள்வி

ரொம்ப காலத்துக்கு முன்னே மேகங்குடி என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அதை ஆண்டவர் உதயசிங்க ராஜா. நல்லவர்தான், ஆனால் மனசு ஒரு இடத்தில் நிற்காது. காலையில் ஒரு யோசனை வரும், மத்தியானம் அது கட்டளையாகிவிடும், சாயங்காலம் "இதை யார் சொன்னது?" என்று அவரே கேட்பார். எதையும் தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும் அவருக்கு என்றைக்கும் குறைந்ததில்லை.

அந்த ராஜ்ஜியத்தில் தென்சீமைக்காரர்களுக்கு ஒரு பழைய உரிமை உண்டு. சபையில் ராஜாவுக்கு நேர் எதிரே ஒரு வரிசையில் உட்கார்ந்துகொண்டு, அவர் சொல்வது பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். எதிர்வரிசைக்காரர்கள் என்று அவர்களுக்குப் பேர். அவர்களின் தலைவி வடிவுடை நாச்சி. குரலை உயர்த்தவே மாட்டாள். ஆனால் அவள் ஒன்று கேட்டால் பதில் சொல்லாமல் நகர முடியாது. மந்திரி சொக்கப்ப ராயருக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

ஒரு நாள் சாமரத் தீவிலிருந்து ஒரு தூதர் வந்தார். தீவின் ராஜாவுக்கும் அவர் தம்பிக்கும் சண்டை மூண்டுவிட்டது, படை அனுப்பி உதவ வேண்டும் என்றார்.

"அனுப்புங்கள் மகாராஜா. கடலுக்கு அப்பாலும் உங்கள் கொடி பறக்கும்" என்றார் ராயர். ராஜா உடனே தலையாட்டிவிட்டார்.

வழக்கமாக எதிர்வரிசை மொத்தமும் எழுந்து மறுக்கும். அன்றைக்குப் பாதிப் பேர்தான் எழுந்தார்கள். மலையூர்க் கொம்பையா சொன்னார்: "போன தடவை மூன்றே மாதம் என்று கூட்டிப்போனார்கள். என் தம்பி ஐந்தாம் வருஷம் வந்தான், ஒரு காலோடு. எங்கள் ஊரில் இனி அனுப்ப ஆளில்லை."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கரையூர்க் கடலாண்டி திரும்பினார். "உங்களுக்கென்ன, மலையில் இருக்கிறீர்கள். எங்கள் ஜனம் அந்தத் தீவில் வியாபாரம் பண்ணுகிறது. என் தங்கச்சி கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளோடு உள்ளே கிடக்கிறாள். படை போகட்டும்."

ராஜாவுக்கு ஆச்சரியம். சிம்மாசனத்தின் நுனிக்கு வந்து வேடிக்கை பார்த்தார். ராயர் அவர் காதோரம் குனிந்து, "இரண்டுபட்டுப் போனவர்களுக்கு எதற்கு மகாராஜா தனி வரிசை?" என்றார்.

ராஜாவுக்கு அதுவும் சரியாகப் பட்டது. "நாச்சியாரே, நாளைக்குச் சபை கூடும்போது நீங்கள் எல்லோரும் ஒரே குரலில் பேச வேண்டும். இல்லாவிட்டால் வரிசையைக் கலைத்துவிடுவேன்."

தங்கியிருந்த சத்திரத்துக்குத் திரும்பியும் கொம்பையாவும் கடலாண்டியும் ஓயவில்லை. நாச்சி யாரையும் அடக்கவில்லை. ஒவ்வொருவரையும் ஒன்று கேட்டாள்.

"கடலாண்டி, படை உன் தங்கச்சியைக் கூட்டிவரவா போகிறது?"

கடலாண்டி யோசித்தார். "அப்படித்தான் நினைத்தேன் ஆத்தா. யாரும் சொல்லவில்லை."

"கொம்பையா, போன தடவை எது முடிந்தால் திரும்பலாம் என்று சொன்னார்கள்?"

"சொல்லியிருந்தால் நான் ஏன் தம்பிக்காக ஐந்து வருஷம் வழி பார்த்திருப்பேன்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. ராயர் புதுச் சால்வையில் வந்திருந்தார். "என்ன அம்மணி, குரல் ஒன்றாகிவிட்டதா?"

"பதில் ஒன்றாகவில்லை. கேள்வி ஒன்றாகிவிட்டது" என்றாள் நாச்சி.

கொம்பையாவும் கடலாண்டியும் சேர்ந்து எழுந்து கேட்டார்கள்: "அங்கே எது நடந்து முடிந்ததும் நம் படை திரும்பி வரும்?"

"இது ஒரு கேள்வியா?" என்று ராயர் சிரித்தார். "ராஜாவின் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்."

"அப்படியே கேட்டுவிடலாம். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காமல் ராஜாவின் காதில் சொல்லட்டும்" என்றாள் நாச்சி.

ராஜாவுக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போயிற்று. முதலில் ராயரை அழைத்தார். "தம்பிக்காரன் பிடிபட்டதும் வந்துவிடும்" என்றார் ராயர். அடுத்து தளபதி. "துறைமுகம் நம் கைக்கு வந்ததும்" என்றார். கடைசியாகத் தூதர் தயங்கியபடி, "எங்கள் ராஜா போகச் சொல்லும்போது" என்றார்.

ராஜாவின் முகம் மாறிவிட்டது. மூன்றையும் சபைக்கு உரக்கச் சொன்னார்.

"மகாராஜா மனதில் இருப்பது?" என்று மெதுவாகக் கேட்டாள் நாச்சி.

ராஜா சிம்மாசனத்தில் பின்னால் சாய்ந்தார். "கொடி ஏறுவதை மட்டும்தான் நினைத்தேன்" என்றார்.

"எங்கள் வரிசையில் இரண்டு குரல். அந்தப் பக்கம் நான்கு. கலைக்க வேண்டிய வரிசை எது என்று மகாராஜாவே சொல்லட்டும்."

ராஜா முதலில் முறைத்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் தூதரிடம் திரும்பினார். "உங்கள் ஜனங்களுக்கு உண்மையில் என்னதான் வேண்டும்?"

தூதர் பெருமூச்சு விட்டார். "அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும். நடுவில் உட்காரத்தான் ஆளில்லை."

"ஆள் இருக்கிறது" என்றார் ராஜா. "ராயரே, இரண்டுபட்டவர்களைப் பற்றி உமக்கு நிறையத் தெரிகிறது. நீர் போய் நடுவில் உட்காரும். உம்மோடு காவலுக்குக் கொஞ்சம் பேர் வருவார்கள். நம் ஜனங்களைக் கப்பலில் ஏற்றியதும் காவலர்கள் திரும்பிவிட வேண்டும். நீர் மட்டும் அந்த இரண்டு பேரையும் பேசவைத்துவிட்டு வந்தால் போதும்."

ராயருக்குக் கப்பல் என்றாலே வயிற்றைப் புரட்டும். சால்வையைச் சுருட்டிக்கொண்டு ஏறினார்.

இனிமேல் படை கிளம்புவதற்கு முன்னால் முதல் கேள்வி எதிர்வரிசையுடையது என்று ராஜா சாசனம் வெட்டிக் கொடுத்தார். கப்பல் சொன்னபடி திரும்பியது. கடலாண்டியின் தங்கச்சி பிள்ளைகளோடு கரை இறங்கினாள். ராயர் மட்டும் தீவிலேயே தங்கி, அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் இரண்டு பக்க ஏச்சையும் வாங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த சபையில் ராஜா ஆவலோடு கேட்டார். "நாச்சியாரே, இப்போதாவது உங்கள் ஆட்கள் ஒன்றாகிவிட்டார்களா?"

"எங்கே மகாராஜா. காவலுக்குக்கூட ஆள் அனுப்பியிருக்கக் கூடாது என்கிறார் கொம்பையா. இன்னும் கொஞ்சம் அனுப்பியிருக்கலாம் என்கிறார் கடலாண்டி."

ராஜா சிம்மாசனத்தின் நுனிக்கு வந்து உட்கார்ந்தார். "இரண்டு பேரையும் இங்கே வந்து பேசச் சொல்லுங்கள். நானும் கேட்க வேண்டும்" என்றார்.